அடைகாத்தவளே தாய்

மனிதனுடைய வாசலுக்கு மிக நெருங்கி வந்த பறவை கோழியே எனலாம். புறாவையும் கிளியையும் நாம் அழகுக்காக வளர்க்கிறோம். கோழியோ அடுப்படிவரை வருகிறது. சிந்திய குருணையைப் பொறுக்கித் தின்று, தின்ற கடனை முட்டையாகத் திருப்பித் தந்துவிடுகிறது. நம் ஆண்டவரும் யெருசலேம் நகரை நினைந்து உள்ளம் உருகியபோது, தம் ஏக்கத்துக்கு உவமையாகக் கழுகையோ சிங்கத்தையோ தேடவில்லை. குஞ்சுகளைத் தன் சிறகின்கீழ்க் கூட்டிச் சேர்க்கும் கோழியையே எடுத்துக்கொண்டார். மத்தேயுவும் லூக்காவும் இதனை எழுதி வைத்திருக்கின்றனர். ஆலயத்தில் பலமுறை கேட்டுப் பழகிவிட்ட இந்த உவமையின் ஆழத்தை அறிய விரும்புவோர், ஓர் அடைக்கோழியை 21 நாட்கள் அருகிருந்து பார்த்தால் போதும்.

எங்கள் இல்லத்தில் கோழிகளின் ஆட்சி என் தாயாருக்கு உரியது. எண்பதை நெருங்கும் வயதிலும் விடியுமுன் எழுந்து கூண்டைத் திறப்பவர் அவர்தாம். முன்பெல்லாம் கொல்லையில் நாட்டுக்கோழி மட்டுமே இருந்தது. நாட்டுக்கோழி தைரியசாலி, பருந்தின் நிழலைக் கண்டமாத்திரத்தில் குரல் கொடுக்கும், தானே மேய்ந்து தானே பிழைக்கும். ஆயினும் ஆண்டுக்கு 60 அல்லது 80 முட்டைகளோடு நின்றுவிடும். பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்னோ 300 முட்டைகளை ஒட்டி இடுகிறது. ஆனால் அதற்குக் கொல்லையில் பிழைக்கும் வித்தை போதாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவையே கலப்பினக் கோழிகள். பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா, ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள். எங்கள் வீட்டில் இருப்பவை ரோடு ஐலண்டு ரெட் சேவலுக்கும் நாட்டுப் பெட்டைகளுக்கும் பிறந்த செந்நிறக் கோழிகள். இவை ஆண்டுக்கு 150 முட்டைகளுக்குக் குறையாமல் இடுகின்றன.

“கலப்பு” என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்போர் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. வீட்டுக்கோழியின் மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி என்பது அறிஞர் துணிபு. ஆனால் வெள்ளை லெகார்ன் உள்ளிட்ட எண்ணற்ற இனங்களிடம் காணப்படும் மஞ்சள் நிறத் தோலும் காலும் அம்மூதாதையிடமிருந்து வந்தவையல்ல. தென்னிந்திய மலைக்காடுகளுக்கு உரிய சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவை என்று சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளிப்படுத்தினர். இத்தாலியத் துறைமுகம் ஒன்றின் பெயரைத் தாங்கி உலகை வலம்வரும் கோழியின் காலில் நம் மலைநாட்டின் நிறம் இருக்கிறது! தூய இனம் என்று நாம் எண்ணுவதும் பழங்காலத்துக் கலப்பே.

கலப்பினக் கோழிகளிடம் ஒரு குறை உண்டு. முட்டையிடும் கோழி அடையில் அமர்ந்துவிட்டால் முட்டையிடுவது நின்றுவிடும். எனவே மிகுதியான முட்டையை விரும்பிய மனிதன், அடையில் அமராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கினான். அதன் விளைவாக, முட்டை மிகுந்த இனங்களில் அடைகாக்கும் இயல்பு தேய்ந்து போயிற்று. இதற்கு என் தாயார் கையாளும் வழி மிகவும் பழைமையானது. செந்நிறக் கோழிகளின் முட்டைகளைக் கறுப்பு நாட்டுக்கோழியின்கீழ் அடைவைத்துவிடுவார். பெற்றவள் ஒருத்தி, அடைகாத்துப் பொரித்து வளர்ப்பவள் வேறொருத்தி.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அவ்வாறு 12 முட்டைகள் வைக்கப்பட்டன. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கொக்கரிப்பை விட்டுக் ‘கொக் கொக்’ என்று தாழ்ந்த குரலில் பேசி, முட்டையில்லாத கூட்டிலும் எழாமல் அமர்ந்திருப்பதே அடைக்கோழியின் அடையாளம். ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளாகத் தேர்ந்து, வைக்கோல் பரப்பிய கூடையில் அந்தி நேரத்தில் வைக்க வேண்டும். இருட்டும் அமைதியும் வேண்டும். கோழி ஒரு நாளில் பன்முறை முட்டைகளை அலகால் புரட்டிக் கொடுக்கிறது. நாளுக்கு ஒருமுறை மட்டுமே இரைக்கும் நீருக்கும் எழுகிறது. 7-ஆம் நாள் இரவில் டார்ச் விளக்கின்முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், சிலந்திவலை போன்ற சிவந்த நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாதது கூமுட்டை. பொரிக்கும் நாள் நெருங்கும்போது குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சிடுகின்றன. தாயும் மறுமொழி சொல்கிறது. முகம் காணுமுன்பே அவை ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன.

அவ்வாண்டு மே மாதத்தில் ஊரடங்கு வந்தது. எங்களைக் காண வந்திருந்த என் தம்பியும் அவன் மனைவியும் திரும்ப இயலாமல் எங்களோடு தங்கிவிட்டனர். அவர்களுக்குத் திருமணமாகிப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைச் செல்வம் இல்லை. மருத்துவம் பார்த்தார்கள், வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போனார்கள், நேர்ச்சைகள் செய்தார்கள். இறுதியில், ஆதரவற்ற குழந்தை ஒன்றைத் தத்தெடுத்து வளர்க்கலாம் என்று முடிவு செய்து, அதனை என் தாயாரிடம் தெரிவிக்கவே வந்திருந்தார்கள். தாயார் கேட்டார்; ஒரு சொல்லில் மறுத்துவிட்டார். “யார் இரத்தமோ, எந்த வழியோ!” அதன்பின் அப்பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. ஒரே கூரையின்கீழ் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உண்டு உறங்கினோம்.

மே மாதத்தின் நடுவில் கறுப்புக்கோழி 10 குஞ்சுகளைப் பொரித்தது. எல்லாம் செம்மையும் மஞ்சளுமாக, தாயின் நிறம் ஒன்றிலும் இல்லை. கோழியோ அதனைக் கணக்கில் எடுக்கவில்லை. பஞ்சாரத்தைத் தூக்கியதும் முறத்திலிருந்த குருணையை அலகால் கொத்திக் கொத்திக் கீழே போட்டு, குஞ்சுகளைக் கூவி அழைத்துத் தின்னக் கற்றுக்கொடுத்தது. பொரிக்குமுன் மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றுக்குள் சென்றுவிடுவதால், முதல் இரண்டு நாட்கள் இரையில்லாமலும் குஞ்சு தாங்கும். அவசரப்பட்டுத் திணிக்க வேண்டியதில்லை. தூய நீர் முதலில், பின்னர் குருணையும் கம்பும், சில நாட்களில் கரையானும். பழைய பானையில் ஈரச் சாணமும் சணல் சாக்கும் வைக்கோலும் திணித்து, கரையான் உள்ள இடத்தில் இரவில் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்கு விருந்து ஆயத்தமாயிருக்கும்.

எட்டாம் நாள் அயல்வீட்டில் ஒரு துயரம் நேர்ந்தது. கீரி புகுந்து அவர்களுடைய தாய்க்கோழியைக் கொன்றுவிட்டது. பொரித்து இரண்டே நாளான நான்கு குஞ்சுகள் எஞ்சின. வளர்க்க வழியறியாத அவ்வீட்டார் அவற்றை எங்களிடம் தந்தனர். “ஏற்கெனவே பிறர் குஞ்சுகளை வளர்க்கிறதுதானே, இவற்றையும் ஏற்றுக்கொள்ளும்” என்று என் தம்பி மனைவி அவற்றைக் கறுப்புக்கோழியின் முன் விட்டாள். கோழி ஒரு கணம் உற்று நோக்கியது. அடுத்த கணம் பாய்ந்து கொத்தியது. நான்கும் சிதறி ஓடின.

திண்ணையிலிருந்து இதனைக் கண்ட என் தாயார், யாரையும் நோக்காமல் கூறினார்: “பார்த்தாயா? கோழிக்குக்கூடத் தெரிகிறது, தன்னுடையது எது, பிறருடையது எது என்று.”

அச்சொல் யாருக்குரியது என்பது எல்லாருக்கும் விளங்கிற்று. தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அவன் மனைவி மட்டும் நான்கு குஞ்சுகளையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு அங்கேயே நின்றாள். அவள் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அன்றும் அமைதியாகவே பேசினாள்: “உண்மைதான், அத்தை. முட்டையாக இருந்தபோது கோழிக்குத் தெரியாது, ஆகையால் ஏற்றுக்கொண்டது. இப்போது தெரிந்துவிட்டது, தள்ளிவிட்டது. கோழியால் அவ்வளவுதான் முடியும். ஆனால் சூசையப்பர் தெரிந்த பிறகுதானே ஏற்றுக்கொண்டார்?”

என் தாயார் விடை கூறவில்லை. அது திருத்தந்தை பிரான்சிஸ் புனித சூசையப்பருக்கென அறிவித்திருந்த ஆண்டு. ஆலயம் பூட்டியிருந்தமையால் ஒவ்வோர் இரவும் வீட்டிலேயே செபமாலை சொல்லி, அதன் முடிவில் அப்புனிதரை நோக்கிய மன்றாட்டைச் சொல்லிவந்தோம். அதனை எங்களுக்கு முன்னின்று சொல்லிக்கொடுத்தவர் என் தாயாரே. அன்றிரவு அவருடைய குரல் அவ்விடத்தில் சற்றுத் தயங்கியதை நான் கவனித்தேன்.

இனி, தாயற்ற குஞ்சுகளை வளர்க்கும் முறையைச் சொல்கிறேன். ஓர் அட்டைப் பெட்டியில் உமி பரப்பி, 60 வாட் குண்டு விளக்கைத் தொங்கவிட்டோம். இக்காலத்து எல்.இ.டி. விளக்கில் போதிய வெப்பம் இராது. பழைய குண்டு விளக்கே வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சுகள் இருக்குமிடத்தில் 35 பாகை வெப்பம் தேவை; பின்னர் வாரத்துக்கு ஏறக்குறைய 3 பாகை குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லாவிடினும் குஞ்சுகளே சொல்லிவிடும்: விளக்கின்கீழ் நெருக்கியடித்து நின்றால் குளிர், விலகி ஓரத்தில் ஒதுங்கி வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு, பரவலாக நடமாடினால் போதுமான அளவு.

குஞ்சுகள் மனிதரோடு பழகுவதும் இப்பருவத்திலேயே அமைகிறது. பொரித்த முதல் சில நாட்களில், தம்மைக் காக்கும் உருவத்தையும் குரலையும் பறவைக் குஞ்சுகள் மனத்தில் பதித்துக்கொள்கின்றன. வாத்துக் குஞ்சுகள் தம்மையே தாயாகக் கருதிப் பின்தொடர்ந்ததை ஆராய்ந்த ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லோரன்சு, விலங்குகளின் நடத்தை குறித்த ஆய்வுகளுக்காக 1973-இல் மேலும் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். என் தம்பி மனைவி லோரன்சைப் படித்தவளல்லள். ஆயினும் காலையும் மாலையும் பெட்டியருகே தாழ்ந்த மணையில் அமர்ந்து, உள்ளங்கையில் குருணையை வைத்துக் காத்திருப்பாள். மேலிருந்து கையை நீட்டமாட்டாள். மேலிருந்து வருவது பருந்தின் வழி, அதைக் கண்டு குஞ்சு நடுங்கும். பக்கவாட்டில், தரையோடு தரையாகக் கை செல்ல வேண்டும். எப்போதும் ஒரே குரலில் ‘பா, பா’ என்று அழைக்க வேண்டும். துரத்திப் பிடித்தலாகாது, தானாக வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். தூக்கும்போது கால்கள் தொங்காதபடி இரு கைகளாலும் தாங்க வேண்டும். குழந்தைகள் கோழியை முத்தமிடாதிருக்கவும், தொட்டபின் சவுக்காரம் இட்டுக் கைகழுவவும் பழக்குதல் நன்று. நலமாகத் தோன்றும் கோழியிடமும் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

பத்து நாட்களில் அந்நான்கும் அவள் போகுமிடமெல்லாம் வரிசையாகப் போயின. கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி. துணி உலர்த்தப் போனால் கொடியடி. அவள் அமர்ந்தால் மடியில் ஏறி உறங்கின. கோழி தள்ளிய குஞ்சுகள், பிள்ளையில்லாத பெண்ணொருத்தியைத் தாயென்று பின்தொடர்ந்தன. வீட்டில் அனைவரும் அதைப் பார்த்தோம். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஜூன் மாதத்தில் ஓர் இரவு மழை வலுத்தது. மின்சாரம் நின்றுவிட்டது. நான் எழுந்து சென்றபோது, எனக்கு முன்னரே என் தாயார் பெட்டியருகே இருந்தார். வெந்நீரைப் புட்டியில் அடைத்துத் துணி சுற்றி உள்ளே வைத்துவிட்டு, மேலே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். “இரத்தம் என்று அன்று சொன்னேன். என் பயம் அதுவல்ல, பெரியவனே. நான் போய்விடுவேன். உறவினர் வீட்டுத் திருமணங்களில் அந்தப் பிள்ளையை எந்த வரிசையில் உட்காரவைப்பார்கள்? யாராவது ஒருவர் ஒரு சொல் சொல்லிவிட்டால், அது தாங்குமா?”

“நாம் உட்காரும் வரிசையில் உட்காரும், அம்மா. சொல்பவர்கள் எங்கும் இருப்பார்கள். முதலில் நம் வீட்டில் அச்சொல் எழாமல் பார்த்துக்கொள்வோம்” என்றேன்.

அவர் நெடுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரடங்கு தளர்ந்து தம்பி புறப்பட்ட அன்று, முட்டைக் கூடையை மருமகள் கையில் கொடுத்தபடியே, “அதற்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டுமோ, நாளைக்கே எழுதிக் கொடுங்கள். எனக்கு நாள் குறைவு” என்றார்.

நம் குடும்பங்களில் பலர் இது குறித்த சட்டத்தை அறியாதிருப்பதால் இங்கே சில சொற்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே நம்மவர் நெடுங்காலம் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது, பெற்றோராக முடியவில்லை. இளைஞர் நீதிச் சட்டமும் அதற்கு 2006-இல் வந்த திருத்தமும் இந்நிலையை மாற்றின. எச்சமயத்தாரும் இச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்பதை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இப்போது 2015-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இதன்படி தத்தெடுக்கப்படும் குழந்தை, பெற்ற பிள்ளைக்குரிய உரிமைகள் யாவும் உடைய பிள்ளையே. மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் பதிவு செய்து, இல்ல ஆய்வு முடிந்து, முறைப்படி காத்திருக்க வேண்டும். இறுதி ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். மருத்துவமனையிலோ இடைத்தரகரிடமோ கைமாற்றாகக் குழந்தை பெறுவது சட்டப்படி குற்றம், அக்குழந்தைக்கும் கேடு.

தம்பி மனைவியின் காத்திருப்பு மூன்றாண்டுகள் நீண்டது. அடைக்காலத்துக்கு 21 நாள் என்று கணக்குண்டு. இதற்கு அப்படிக் கணக்கில்லை. 2024-இல் ஒரு பெண்குழந்தை அவர்கள் கைக்கு வந்தது. ஞானஸ்நானத்தின்போது குழந்தையை மடியில் வைத்திருந்தவர் என் தாயார். அவர் அமர்ந்தது ஆலயத்தில் முதல் வரிசையில்.

கோழிகளின் கதையையும் முடிக்க வேண்டும். அந்த நான்கில் இரண்டு சேவலாயின. மற்ற இரண்டும் ஆறாம் மாதத்தில், நவம்பரில், முட்டையிடத் தொடங்கின. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி ஓடு அமைவதற்கே செலவாகிறது. ஆகவே முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச்சத்து தேவை. கிளிஞ்சல் தூளோ, நன்கு காயவைத்துப் பொடித்த முட்டையோடோ கலந்து வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிரும் காலத்தில் முட்டை நின்றுபோகும். அது நோயன்று, ஓய்வு. உண்மையான பகைவன் வெள்ளைக்கழிச்சல். ராணிகேத் நோய் என்றும் அதனைச் சொல்வர். வந்தபின் மருந்தில்லை; வருமுன் தடுப்பதே வழி. முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்தும், 8-ஆம் வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போட வேண்டும். மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுப்பது நம் வழக்கம். அவை தடுப்பூசிக்கு ஈடாகா. கோழிகள் திடீரெனப் பலவாக மடிந்தால், வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நம் முன்னோர் கேட்டனர். தாயின் கண்டிப்பு பிள்ளைக்குக் கேடாகாது என்பது அதன் கருத்து. ஆயினும் அதே கோழி பிறர் குஞ்சைக் கொத்தும் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. இயல்பான அன்புக்கு ஓர் எல்லை உண்டு. தன் குஞ்சு என்ற எண்ணம் முடியுமிடத்தில் அதன் சிறகும் மடங்கிவிடுகிறது. ஆண்டவர் கோழியை உவமையாக்கியபோது, தம்மை ஏற்க மறுத்த நகரத்தையன்றோ சிறகின்கீழ் அழைத்தார்? தம்மைத் தள்ளியவர்களையும் தமதாக்கிக்கொள்ள விரும்பிய அச்சிறகு, எந்தக் கோழிக்கும் இல்லாத சிறகு.

நம் பங்குகளில் பிள்ளைக்காக ஏங்கும் இல்லங்கள் எத்தனையோ உள்ளன. இல்லத்துக்காக ஏங்கும் பிள்ளைகளும் உள்ளனர். இருவருக்கும் நடுவே நின்று தடுப்பது பெரும்பாலும் சட்டமன்று, பணமுமன்று. திண்ணையிலிருந்து எழும் ஒரு சொல். உங்கள் வீட்டிலோ உறவிலோ அத்தகையதொரு பேச்சு எழுமாயின், வாய் திறக்குமுன் சற்றே நிதானியுங்கள். அந்தச் சொல்லை நாம் சொல்லாதிருந்தாலே, ஒரு குழந்தைக்கு ஒரு சிறகு விரியக்கூடும்.